எடை குறைந்த லேப்டாப்: எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்?

மெல்லிய, எடை குறைந்த லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடையைக் குறைக்கும்போது எந்த நிறுவனமானாலும் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அப்படி விட்டதில் சிலவற்றைப் பின்னால் நாமே ஈடுகட்டிக்கொள்ளலாம். சிலவற்றை அந்த லேப்டாப் உழைக்கும் காலம் முழுக்க எதுவும் செய்ய முடியாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்தப் பக்கம்.

எத்தனை கிலோவுக்குக் கீழே இருந்தால் அல்ட்ராபோர்ட்டபிள் என்று சொல்லலாம்?

கறாரான வரையறை கிடையாது. 13 அல்லது 14 அங்குலத் திரையோடு சுமார் 1.3 கிலோவுக்குள் இருப்பதை இன்று அப்படிச் சொல்கிறார்கள். ஒரு கிலோவுக்கும் கீழே இருப்பவை தனி ரகம்.

இந்த ஆசை பழையது. தோஷிபாவின் லிப்ரெட்டோ 1996-லேயே 840 கிராமில் வந்துவிட்டது, ஆனால் அதன் திரை 6.1 அங்குலம்தான். 2007-இல் வந்த ஏசுஸ் ஈ பிசியும் ஒரு கிலோவுக்குள் அடங்கியது. அதற்கு 7 அங்குலத் திரை. இவை எடையைக் குறைத்த வழி, எல்லாவற்றையும் சுருக்கிவிடுவது. விரல்கள் ஒன்றோடொன்று இடிக்கும் கீபோர்டில் யாரும் நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய முடியாது. முழு அளவு கீபோர்டையும் 13 அங்குலத் திரையையும் வைத்துக்கொண்டே மெலிய முடியும் என்று பெருவாரியான மக்களுக்குக் காட்டியது 2008 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மேக்புக் ஏர். அதன் எடை 1.36 கிலோ. 2011-இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்று பெயர் சூட்டி மற்ற நிறுவனங்களையும் அதே பாதையில் இறக்கியது.

எடையைக் குறைக்க உள்ளே எதையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள்?

பேட்டரியின் கொள்ளளவு, சூட்டை வெளியேற்றும் பாகங்கள், போர்ட்கள், கீபோர்டின் ஆழம், கழற்றி மாற்றும் வசதி. பெரும்பாலும் இந்த ஐந்தில்தான் கை வைப்பார்கள்.

முதல் மேக்புக் ஏரையே எடுத்துக்கொள்வோம். அதில் சிடி டிரைவ் இல்லை. இணையக் கம்பி செருகும் போர்ட் இல்லை. ஒரே ஒரு யூ.எஸ்.பி. போர்ட். பேட்டரியை நாமே கழற்ற முடியாது. 2 ஜிபி ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அன்று அதிகம் பேசப்பட்டது சிடி டிரைவ் இல்லாததுதான். ஆனால் சில ஆண்டுகளில் சிடி டிரைவின் தேவையே போய்விட்டது. வேண்டியவர்கள் வெளியிலிருந்து ஒன்றைச் செருகிக்கொண்டார்கள். ரேம் கதை அப்படியில்லை. மென்பொருள்கள் பெருத்துக்கொண்டே போக, 2 ஜிபியைக் கூட்ட வழியில்லாமல் அந்த லேப்டாப் அப்படியே பின்தங்கிப்போனது.

இன்றும் நிலைமை இதுதான். போர்ட் குறைவு, சுமாரான கேமரா, மெலிந்த ஸ்பீக்கர் எல்லாம் ஈடுகட்டக்கூடிய இழப்புகள். ரேம், திரை, கீபோர்டு, சூட்டைத் தாங்கும் திறன் ஆகியவை ஈடுகட்ட முடியாதவை. கடைக்காரரும் விளம்பரமும் முதல் வகையைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். வாங்குபவர் இரண்டாவது வகையைத்தான் துருவிக் கேட்க வேண்டும்.

1.3 கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளுக்குத் தெரியுமா?

2.2 கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்கு இறங்கினால் முதல் நாளே தெரியும். 1.3-இலிருந்து ஒரு கிலோவுக்கு இறங்குவது பையில் 300 மில்லி தண்ணீரைக் குறைப்பதுபோலத்தான். கையில் தனியாகத் தூக்கிப் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றும், பைக்குள் போனதும் மற்ற பாரங்களோடு கரைந்துவிடும்.

அதனால் லேப்டாப்பை மட்டும் நிறுத்துப் பார்க்காதீர்கள். சார்ஜர், அதன் கம்பி, அடாப்டர்கள், மவுஸ், உறை எல்லாவற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டும். 980 கிராம் லேப்டாப்போடு 300 கிராம் சார்ஜரும், போர்ட் போதாமல் வாங்கிய ஹப்பும் சேர்ந்தால், எந்தத் துணையும் வேண்டாத 1.25 கிலோ லேப்டாப்பை அது தாண்டிவிடும். சார்ஜரில் எடையைக் குறைப்பது சுலபம். காலியம் நைட்ரைடு நுட்பத்தில் வரும் சிறிய 65 வாட் சார்ஜர்கள் பழைய செங்கல் சார்ஜர்களில் பாதி எடைகூட இருப்பதில்லை. அதைச் செய்த பிறகு லேப்டாப்பின் கடைசி 200 கிராமைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு கையில் ஏந்தி நின்றபடியே வேலை பார்ப்பவர்கள், நாள் முழுக்க நடந்து திரிபவர்கள், முதுகுவலியோ தோள்வலியோ உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்தக் கடைசி 300 கிராமும் முக்கியம். அவர்களிடம் வேறு கணக்குச் சொல்ல எனக்கு மனம் வராது. மற்றவர்களுக்கு 1.2 முதல் 1.3 கிலோ நல்ல இடம் என்பேன். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது.

‘18 மணி நேரம் பேட்டரி நிற்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

அந்த எண் பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, ஒரே வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டு எடுத்தது. வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலைக்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால், அந்த நேரத்தில் பிராசஸர் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வேலைநாள் அப்படி இருக்காது.

மணிக்கணக்கை விட்டுவிட்டு வாட்-மணி என்ற எண்ணைத் தேடுங்கள். பேட்டரியில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்பதன் அளவு அது. 13 அங்குல மெல்லிய லேப்டாப்களில் 40 முதல் 60 வரை இருக்கும். கணக்கு எளிது: 50 வாட்-மணி பேட்டரி இருக்கிறது என்று வையுங்கள். எழுதுவதும் படிப்பதுமாக 5 வாட் செலவானால் 10 மணி நேரம். வீடியோ அழைப்பில் 12 வாட் போனால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கனமான வேலையில் 25 வாட் போனால் 2 மணி நேரம். ஒரே லேப்டாப், ஒரே பேட்டரி. ‘எத்தனை மணி நேரம் நிற்கும்’ என்று கேட்பதற்கு முன் ‘நான் என்ன வேலை செய்யப்போகிறேன்’ என்று கேட்டாக வேண்டும்.

எடையைக் குறைக்க பேட்டரியை வெட்டுவது எனக்குச் சற்றும் பிடிக்காத விஷயம். இன்றைய லித்தியம் அயன் பேட்டரி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 வாட்-மணி வரை தாங்கும். அப்படியானால் 15 வாட்-மணி கூடுதலாக வைக்க 60 முதல் 75 கிராம் போதும். அந்த 75 கிராமை மிச்சம் பிடித்து, ‘ஒரு கிலோவுக்குள்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துக்கொள்வதற்காக, பயன்படுத்துபவரின் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்தைப் பறித்துவிடுகிறார்கள். பிறகு அவர் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு அலைகிறார். 1,100 கிராமில் 55 வாட்-மணி ஒன்றும், 980 கிராமில் 40 வாட்-மணி ஒன்றும் எதிரே இருந்தால் முதலாவதைத்தான் கைகாட்டுவேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பேட்டரி தேயும். சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கியபின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. இன்று நூலிழையில் போதுமாக இருக்கும் பேட்டரி மூன்றாம் ஆண்டில் போதாது.

அப்படியானால் பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நல்லதா?

100 வாட்-மணி வரை. அதற்கு மேல் போனால் விமானத்தில் எடுத்துச்செல்ல நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், 160-க்கு மேல் பயணிகளுக்கு அனுமதியே இல்லை. பெரிய லேப்டாப்களில் 99 சொச்சம் என்று பேட்டரி அளவு நிற்பதற்குக் காரணம் இதுதான். மெல்லிய லேப்டாப்கள் அந்த எல்லைக்கு அருகிலேயே வருவதில்லை.

இரண்டு லேப்டாப்களில் ஒரே பிராசஸர் பெயர் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே வேகமா?

முதல் அரை நிமிடத்துக்கு ஒரே வேகம். அதற்குப் பிறகு வேகத்தைத் தீர்மானிப்பது பிராசஸர் அல்ல, சூட்டை வெளியேற்றும் அமைப்பு.

பிராசஸர்கள் குறுகிய நேரத்துக்கு மிக அதிக மின்சாரம் எடுத்து வேகமாக ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செயலியைத் திறப்பது, பெரிய பக்கத்தை ஏற்றுவது போன்ற வேலைகள் இந்தச் சிறு பாய்ச்சலிலேயே முடிந்துவிடும். ஆனால் வேலை நீண்டால் சூடு ஏறும். அந்தச் சூட்டைச் செப்புக் குழாய் வழியாகக் கடத்தி, தகடுகளில் பரப்பி, ஃபேன் காற்றில் வெளியே தள்ள வேண்டும். உடல் மெலிய மெலியத் தகடுகளின் பரப்பும் காற்று ஓடும் இடமும் சுருங்குகின்றன. வெளியேற்ற முடிந்த அளவுக்குத் தக்கபடி பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே பெயருள்ள பிராசஸரை ஒரு நிறுவனம் தொடர்ந்து 15 வாட்டில் ஓடவிடும், இன்னொன்று 28 வாட்டில் ஓடவிடும். பெயர்ப்பலகையில் இந்த வித்தியாசம் தெரியாது.

மதிப்புரை படிக்கும்போது, ஒரே சோதனையை இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டி எடுத்த முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டத்தின் மதிப்பெண்ணைவிடப் பத்தாவது ஓட்டத்தின் மதிப்பெண் உண்மையைச் சொல்லும்.

ஃபேனே இல்லாத லேப்டாப் வாங்கலாமா?

எழுத்து, கணக்கு, இணையம், வீடியோ அழைப்பு, படங்களில் சிறு திருத்தம் இவைதான் வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். சத்தம் அறவே இருக்காது, தூசியையும் உள்ளே இழுக்காது. அமைதியான அறையில் ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு அது ஒரு வரம்.

ஃபேன் இல்லாததாலேயே ஒரு லேப்டாப் மெதுவாகிவிடாது. பிராசஸர் எவ்வளவு சிக்கனமானது என்பதைப் பொறுத்தது அது. 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக் 920 கிராம்தான். ஃபேன் கிடையாது. அதிலிருந்த இன்டெல் கோர் எம் பிராசஸர் கொஞ்சம் அழுத்தமான வேலைக்கே திணறியது. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரிலும் ஃபேன் கிடையாது. ஆனால் அது அன்றாட வேலைகளில், ஃபேன் இருந்த பல லேப்டாப்களைத் தாண்டியது. அதே எம்1 சிப், ஃபேனோடு 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும் வந்தது. சிறு வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நீண்ட வீடியோவை ஏற்றுமதி செய்யும்போதுதான், சில நிமிடங்கள் போனபின் ஏர் கொஞ்சம் பின்தங்கும். உங்கள் வாரத்தில் அப்படிப்பட்ட நீண்ட வேலை எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை என்றால் காத்திருந்துவிடலாம். தினமும் என்றால் ஃபேன் வேண்டும்.

சிறிய ஃபேன் உள்ளவற்றில் இன்னொரு தொல்லை உண்டு. விட்டம் சிறியதென்றால் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், ‘கீச்’சென்ற சத்தம் வரும். பெரிய ஃபேனின் சீரான இரைச்சலைவிடக் குறைந்த அளவிலேயே அது காதை உறுத்தும்.

ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியாது. மெல்லிய லேப்டாப்களில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்.பி.டி.டி.ஆர். வகை ரேம் மதர்போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். நிறுவனங்களின் பேராசை மட்டும் இதற்குக் காரணம் என்று சொன்னால் நியாயமாகாது. பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே தூரம் குறைந்தால்தான் குறைந்த மின்னழுத்தத்தில் அதிக வேகம் கிடைக்கும். ஸ்லாட்டில் செருகும் பழைய பலகை அந்தத் தூரத்தைக் கூட்டிவிடும், உயரத்தையும் கூட்டிவிடும். 2024-இல் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியிலேயே வந்துவிட்டது: 16 ஜிபி அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் வாய்ப்பில்லை.

எல்.பி.கேம்2 என்ற புதுவகை ரேம் பலகை, அதே சிக்கன ரேமைத் திருகு கழற்றி மாற்றும் வசதியோடு தருகிறது. 2024-இல் லெனோவோ அதைத் திங்க்பேட் பி1 லேப்டாப்பில் வைத்தது. எல்லா மெல்லிய லேப்டாப்களிலும் இது வர வேண்டும் என்பது என் மனமார்ந்த விருப்பம். அதுவரை, வாங்கும் நாளில் எடுக்கும் ரேமே கடைசிவரை.

16 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். ஐந்தாறு வருடம் வைத்துக்கொள்ள நினைத்தாலோ, மெய்நிகர் கணினிகள், பெரிய படத்தொகுப்புகள், நிரல்களைக் கம்பைல் செய்யும் வேலைகள் இருந்தாலோ 32 ஜிபி எடுங்கள். கிராஃபிக்ஸ் பகுதியும் இதே ரேமிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். பணம் கட்டுப்படவில்லை என்றால் பிராசஸரில் ஒரு படி இறங்கி ரேமில் ஒரு படி ஏறுவதே என் சிபாரிசு.

சேமிப்பகம் அவ்வளவு இறுக்கமானதல்ல. பல விண்டோஸ் லேப்டாப்களில் எம்.2 எஸ்.எஸ்.டி.யை மாற்றலாம். இடம் இல்லாததால் சிலவற்றில் 30 மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டி வகைதான் பொருந்தும், எனவே அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேக்புக் ஏரில் மாற்ற முடியாது.

ஒரே மாதிரி இரண்டு யூ.எஸ்.பி.-சி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. சமாளிக்க முடியுமா?

முடியும். இது ஈடுகட்டக்கூடிய இழப்பு என்று முன்பே சொன்னேன். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு டாக் வைத்துவிட்டால், ஒரே கம்பியில் மானிட்டர், கீபோர்டு, இணையம், சார்ஜ் எல்லாம் வந்துவிடும். பையில் ஒரு சிறிய ஹப் போதும்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. யூ.எஸ்.பி.-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டுமே. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அது சொல்லாது. ஒரு ஓட்டை 40 ஜிபிபிஎஸ் வேகமுள்ள தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பாக இருக்கும், பக்கத்திலேயே இருப்பது மானிட்டருக்குப் படமே அனுப்பாது. கம்பிகளும் அப்படியே. சார்ஜுக்கென்று பெட்டியில் கொடுக்கும் பல கம்பிகள் தரவை 480 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் கடத்தும், அதாவது 2000-ஆம் ஆண்டின் யூ.எஸ்.பி. 2.0 வேகம். எனவே ஒவ்வொரு போர்ட்டும் என்ன செய்யும் என்று நிறுவனத்தின் விவரப் பட்டியலில் தனித்தனியாகப் படித்துவிடுங்கள்.

இரண்டு போர்ட்களும் ஒரே பக்கம் இல்லாமல் இருபக்கமும் இருந்தால் நல்லது. சுவரில் பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் சார்ஜ் போடலாம். அடிக்கடி வெவ்வேறு அரங்குகளில் பேச வேண்டியவராக இருந்தால் எச்.டி.எம்.ஐ. போர்ட் உள்ளதையே தேடுங்கள். கூட்டத்துக்கு முன்னால் அடாப்டரைத் தேடிக்கொண்டு நிற்பது யாருக்கும் வேண்டாம். ஹெட்ஃபோன் ஓட்டையும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். 2022-இல் டெல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் அதையும் எடுத்துவிட்டது.

கீபோர்டு இவ்வளவு தட்டையாக இருக்கிறதே, பழகிவிடுமா?

பலருக்குப் பழகும், சிலருக்குப் பழகவே பழகாது. எழுதுவதே தொழிலாக இருப்பவர்கள் இந்தக் கேள்வியை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விசை கீழே இறங்கும் ஆழம் 1.5 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. 1.3 வரை பரவாயில்லை. 1 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் விரல் நுனி ஒவ்வொரு தட்டிலும் தரையில் மோதும் உணர்வு வரும். ஆழம் மட்டுமே எல்லாம் அல்ல. அழுத்தியது பதிந்ததா என்று விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், நடுவில் அழுத்தினால் தளம் வளையக் கூடாது, அம்புக்குறி விசைகள் கைக்கு அடங்க வேண்டும்.

மெலிவுக்காகக் கீபோர்டில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாரும் அறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. ஆப்பிள் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் ‘பட்டர்ஃபிளை’ என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. விசைக்கு அடியில் சிறு தூசி புகுந்தாலே எழுத்து இரட்டையாக விழுந்தது, அல்லது விழவே இல்லை. ஒரு விசையைச் சரிசெய்ய மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள். 2019 இறுதியில் பழைய கத்தரி அமைப்புக்குத் திரும்பத் தொடங்கி, 2020-இல் முழுதாக மாறிவிட்டார்கள். அரை மில்லிமீட்டருக்காக லட்சக்கணக்கானவர்கள் பட்ட பாடு அது.

13 அங்குலமா, 14 அங்குலமா?

இன்று 14 என்பேன். திரையைச் சுற்றியுள்ள விளிம்பு மெலிந்துவிட்டதால் இன்றைய 14 அங்குல லேப்டாப், பழைய 13 அங்குலத்தின் உடலுக்குள் அடங்கிவிடுகிறது. எடை வித்தியாசம் 100 கிராம் அளவில்தான்.

அங்குலத்தைவிடத் திரையின் அகல-உயர விகிதத்தைக் கவனியுங்கள். 16:10 திரையில் 16:9-ஐவிடக் கூடுதல் வரிகள் தெரியும். ஆவணத்தோடும் நிரலோடும் பழகுபவர்களுக்கு அது தினசரி லாபம். இந்த அளவுத் திரைக்கு 4கே தேவையில்லை. கண்ணுக்குப் பெரிதாக எதுவும் கூடாமல் பேட்டரியை மட்டும் கூடுதலாக இழுக்கும்.

ஓ.எல்.இ.டி. திரையில் கருப்பு உண்மையான கருப்பாக இருக்கும், படம் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. வெள்ளைப் பின்னணியில் நாள் முழுக்க ஆவணம் படித்தால் சாதாரண எல்.சி.டி.யைவிட அதிக மின்சாரம் குடிக்கும். பல ஓ.எல்.இ.டி. திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து எரியும் முறையைப் பயன்படுத்துகின்றன. சிலருக்கு அதனால் கண் வலி, தலைவலி வரும். உங்களுக்கு அப்படி வருமா என்பதை அரைமணி நேரம் வெளிச்சம் குறைத்துப் படித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேமரா ஏன் செல்பேசி அளவுக்குத் தெளிவாக இல்லை?

திரை மூடி செல்பேசியைவிட மெல்லியது. லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே வேண்டிய ஆழம் அங்கே கிடையாது. நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள், இல்லையேல் செல்பேசியையே கேமராவாக இணைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் உடையுமா?

மெலிவுக்கும் உறுதிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, பொருளும் வடிவமைப்பும்தான் முக்கியம். மக்னீசியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.70. ஒரு கிலோவுக்குக் கீழே வரும் லேப்டாப்கள் பெரும்பாலும் மக்னீசியக் கலவையில் செய்யப்படுவது அதனால்தான். தொட்டால் பிளாஸ்டிக்போல இருக்கும், அழுத்தினால் சற்று வளையும். அந்த வளைவைப் பார்த்து மட்டமானது என்று முடிவுகட்ட வேண்டாம். வளைந்து திரும்புவது ஒருவகைத் தற்காப்பு. அலுமினியம் கையில் கெட்டியாகத் தெரியும், ஆனால் மூலையில் விழுந்தால் நசுங்கியது நசுங்கியதுதான்.

உண்மையான ஆபத்து திரைக்குத்தான். நெருக்கமாக அடைத்த பையில் மூடியின்மேல் அழுத்தம் விழும்போது மெல்லிய மூடி அதைத் திரைக்கே கடத்திவிடும். லேப்டாப்புக்குத் தனி அறை உள்ள பையை வாங்குங்கள். சார்ஜரை அதே அறையில் திணிக்காதீர்கள்.

‘மில்-எஸ்டிடி-810 தேர்ச்சி’ என்று போட்டிருந்தால் மகிழலாம், அளவோடு. அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பது நிறுவனமே.

மூடி பையில் வைத்த லேப்டாப் சூடாகி, பேட்டரியும் தீர்ந்துபோகிறது. பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்கம் எடுக்கப்பட்டு, செல்பேசிபோல அரைத்தூக்கத்தில் இணையத்தோடு தொடர்பில் இருக்கும் ‘மாடர்ன் ஸ்டேண்ட்பை’ வந்துவிட்டது. மூடிய பிறகும் அப்டேட்டோ வேறு செயலியோ அதை எழுப்பிவிடலாம். காற்றோட்டமில்லாத பைக்குள் சூடு சேரும். பேட்டரியின் ஆயுளுக்கு அது நல்லதல்ல.

தீர்வு கையிலேயே இருக்கிறது. பவர் அமைப்புகளில், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்த வேலையைச் சேமிப்பகத்தில் எழுதிவிட்டு முழுதாக அணையும்படி மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில வினாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். மெல்லிய லேப்டாப்பை நாள்தோறும் தூக்கிச்செல்லும் எல்லாரும் முதல் நாளே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களை வாங்கலாமா?

2024-இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை, பேட்டரிச் சிக்கனத்தில் விண்டோஸ் பக்கத்துக்கு ஒரு பெரிய முன்னேற்றம். பிளக் இல்லாதபோதும் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஆனால் ஆர்ம் வகைச் சிப் என்பதால், இன்டெல், ஏ.எம்.டி.க்கு எழுதிய செயலிகள் மொழிமாற்றப் படலம் வழியாகத்தான் ஓடும். பெரும்பாலானவை ஓடிவிடும். சிக்கல் டிரைவர்களில் வரும்: பழைய பிரிண்டர், ஸ்கேனர், ஆய்வுக்கூடக் கருவி, சில வி.பி.என். மென்பொருள்கள், ஏமாற்றுத் தடுப்பு உள்ள சில விளையாட்டுகள். உங்கள் வேலைக்கு இன்றியமையாத மென்பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஆர்ம் விண்டோஸில் ஓடுமா என்று அதைச் செய்த நிறுவனத்தின் பக்கத்திலேயே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கீபோர்டு மாட்டிய டேப்லெட் இன்னும் எடை குறைவாயிற்றே?

டேப்லெட்டின் எடையை மட்டும் சொல்வார்கள். கீபோர்டு உறையையும் சேர்த்தால் மெல்லிய லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். மேசை இருந்தால் வசதி. மடியில் வைத்தால் பின்தாங்கி வழுக்கும். பேனாவால் எழுதுபவர்களுக்கும் வரைபவர்களுக்கும் மட்டும் சொல்வேன்.

பழுதானால் சரிசெய்ய முடியுமா?

வாங்குவதற்கு முன் அந்த மாடலைப் பிரித்துக்காட்டும் வீடியோ ஒன்றைப் பாருங்கள். அடிப்பலகை சாதாரணத் திருகுகளில் நிற்கிறதா, பேட்டரி திருகில் இருக்கிறதா பசையில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். பேட்டரி எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டிய பாகம். அதைப் பசைபோட்டு ஒட்டியிருந்தால் வேலையும் செலவும் கூடும். எடை குறைவும் பழுதுபார்க்கும் வசதியும் ஒன்றாக வராது என்பது கட்டுக்கதை. 2021-இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப் 1.3 கிலோதான். அதில் ரேம், பேட்டரி, கீபோர்டு, திரை, போர்ட்கள், மதர்போர்டு வரை பயன்படுத்துபவரே மாற்றலாம். ஒரு சிறிய நிறுவனத்தால் முடிந்தது பெரிய நிறுவனங்களால் ஏன் முடியாது என்று வாங்குபவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்நேரமும் பிளக்கில் மாட்டி வைப்பவர்கள், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பை இயக்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் முதுமைப்படுத்துபவை இரண்டு: சூடு, முழுச் சார்ஜிலேயே நீண்ட நேரம் நிற்பது.

செல்பேசிச் சார்ஜரையே போடலாமா?

யூ.எஸ்.பி.-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பாக இருந்து, சார்ஜர் பவர் டெலிவரி முறையில் பேசினால் கெடுதல் எதுவும் வராது. எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று இரண்டும் தமக்குள் பேசிக்கொண்டுதான் மின்சாரம் பாயும். 30 வாட் சார்ஜர் மெதுவாக ஏற்றும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். சில லேப்டாப்கள் 45 வாட்டுக்குக் குறைந்தால் ஏற்றுக்கொள்வதில்லை. 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும் கம்பியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் விற்பனைக்கு வரும் புதிய லேப்டாப்கள் யூ.எஸ்.பி.-சி வழியே சார்ஜ் ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

யார் வாங்கவே கூடாது?

மேசையை விட்டு லேப்டாப்பை நகர்த்தாதவர்கள். அதே பணத்துக்கு அவர்களுக்குப் பெரிய திரையும் கூடுதல் வேகமும் கிடைக்கும். முப்பரிமாண வரைகலை, கனமான விளையாட்டு, நாள்தோறும் நீண்ட வீடியோ தொகுப்பு என்று இருப்பவர்களும் வேண்டாம். அவர்கள் 1.6 முதல் 2 கிலோ வரை போகத் தயங்கக் கூடாது.

கடையில் கையில் எடுத்ததும் என்ன பார்க்க வேண்டும்?

ஒரு முழுப் பத்தியைத் தட்டச்சு செய்யுங்கள், பெயரை மட்டும் தட்டிப் பார்த்தால் போதாது. திரை மூடியை ஒரே கையால் திறந்து, கீழ்ப்பாகம் கூடவே எழும்புகிறதா என்று பாருங்கள். மடியில் வைத்துப் பாருங்கள். விளக்குகள் பிரதிபலிக்கும் கோணத்தில் நின்று எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களோடு ஒரு வீடியோவையும் ஓடவிட்டுச் சில நிமிடம் கழித்து, விசைகளுக்கு மேலுள்ள பகுதியையும் அடிப்பகுதியையும் தொட்டுப் பார்க்கலாம். கடை இரைச்சலில் ஃபேன் சத்தம் கேட்காது, அதற்கு வீடுதான் சரியான இடம். எனவே திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அந்த நாட்களில் உங்கள் கனமான வேலையையும் நீளமான வீடியோ அழைப்பையும் அதில் செய்து பார்த்துவிடுங்கள், சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டு ஒரு முழுநாள் வெளியே எடுத்துச்சென்றும் பாருங்கள்.